திரும்பிப் பார்த்த நான்கு நொடி

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் தச்சநல்லூரிலிருந்து வணக்கம். நான் வீடியோ எடுப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் வண்ணார்பேட்டையில் டீ குடிக்க நின்றால் உங்களில் யாராவது வந்து, "அண்ணாச்சி, அதே செல்போன்தான், நீங்க எடுத்தா மட்டும் எப்படி நல்லா வருது?" என்று கேட்கிறீர்கள். நின்ற நிலையில் சொல்லி முடிகிற காரியமாக இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். லென்சைத் துடையுங்கள். பாதிப் பேர் படம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் விரல் எண்ணெய்தான். வேட்டி நுனியால் துடைக்கும்போது காந்திமதித் தாயை ஒரு தரம் நினைத்துக்கொள்வேன், நீங்கள் உங்கள் சாமியை நினைத்துக்கொள்ளுங்கள். போனைக் குறுக்காகப் பிடியுங்கள். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி இருக்கட்டும். திரையில் விரலால் அகட்டிப் பெரிதாக்காதீர்கள், ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நாலு எட்டு நடந்து கிட்டே போங்கள். எடுக்க வேண்டிய முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் போன் தன் இஷ்டத்துக்கு இருட்டும் வெளிச்சமுமாக ஆடும். எடுக்கும் நேரத்தில் போனுக்கு அழைப்பு வராதபடி செய்துவிடுங்கள். சத்தத்தைக் கவனியுங்கள். கொஞ்சம் மோசமான படத்தை ஜனங்கள் பொறுப்பார்கள், கேட்காத குரலைப் பொறுக்க மாட்டார்கள்.

இவ்வளவுதான். ஒரு மத்தியானத்தில் பழகிவிடலாம். எனக்குப் பழக ரொம்ப நாள் ஆனது ஒன்றே ஒன்று: வாயை எப்போது மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. அதற்கு ஒரு பிள்ளையின் உயிர் தண்ணீரில் நெஞ்சளவு வரை போக வேண்டியிருந்தது.

நம் தொழிலில் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் பழகியது. மாலை மாற்றும்போது யாராவது குறுக்கே வந்துவிட்டால், "ஒருக்கா கூட" என்போம். மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டே மறுபடி மாற்றுவார்கள். வள்ளியூரில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முதுகு மறைத்துவிட்டது. நானும் பழக்க தோஷத்தில், "தம்பி, ஒருக்கா கூட கட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். ஐயர் அட்சதைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஓய், மூணு முடிச்சு போட்டாச்சு. நாலாவது முடிச்சு உம்ம கேமராவுக்காவே?" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று யாராவது என் வாயில் ஓங்கி ஒன்று போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் கல்யாணம் ஒரு வகை. இப்போது இன்னொரு வகை வந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அப்பா இறந்தால் உடனே வர முடிவதில்லை. ஐஸ் பெட்டி வைக்கும் முன்னமே போன் வைக்க ஆள் தேடுகிறார்கள். நானும் தொழிலை விடுவதற்கு முந்தின வருடங்களில் நிறையத் துக்க வீடுகளுக்குப் போனேன். பெரிய கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு போனால் அழுகிறவர்கள் அழுவதை நிறுத்திவிட்டு முந்தானையைச் சரி செய்வார்கள். செல்போன் என்றால் யாரும் கவனிப்பதில்லை. அது ஒரு வசதி. அதுவேதான் ஆபத்தும்.

வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி ஒரு புரட்டாசி மாதம் தவறிவிட்டார். அவர் மகளின் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் நான்தான். அந்த வகையில் பழக்கம். மகள் ஆஸ்திரேலியாவில் இருந்தாள், எட்டு மாதம் கர்ப்பம், விமானம் ஏற முடியாது. அவளுக்கு ஒரு அண்ணன். அவரை நம்பிராஜன் என்று சொல்கிறேன், அது அவர் பெயர் அல்ல. கடையைப் பார்த்துக்கொள்ளாமல் பெங்களூருக்கு வேலைக்குப் போனார் என்று அப்பாவுக்கு மனத்தாங்கல். நாலு வருடம் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்தால் மகன் மாடியில் இருப்பார், அப்பா கடையில் இருப்பார். தகவல் தெரிந்து அவர் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். நம்பிராஜன் அழவில்லை. பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது ஐந்து விரலும் ஈரமாகக் கண்ணாடியில் பதிந்திருந்தன. அது மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். என்னிடம் இரண்டு போன். ஒன்றைக் காலூன்றியில் நிறுத்தி வீடியோ அழைப்பில் மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேசுவது என் காதில் மாட்டியிருந்த கருவியில் எனக்கு மட்டும் கேட்கும். இன்னொன்று கையில், பதிவு செய்வதற்கு.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சிதையை மூன்று சுற்றுச் சுற்றி, குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்து, முகத்தைக் காட்டாமல் பின்கையால் கொள்ளி வைத்துவிட்டு நேரே ஆற்றுக்குக் குளிக்கப் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. காரியம் செய்து வைக்கிறவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "நேரே போணும். யாரு கூப்பிட்டாலும் திரும்பப்படாது. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பப்படாது."

குடம் உடைந்தது. கொள்ளி வைத்தார். நடக்கத் தொடங்கினார். நான் சிதைக்குப் பக்கத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஈர வேட்டியும் மழித்த தலையுமாக அவர் போவது நல்ல படம். அப்போது காதில் அவர் தங்கச்சி அழுதுகொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் முகத்த நான் இன்னும் பாக்கவே இல்ல. ஒருக்கா காட்டுங்க. ஒரே ஒருக்கா."

சொல்லிவிட்டு அவள் அழைப்பு அப்படியே நின்றுவிட்டது. ஆற்றங்கரையில் சிக்னல் அவ்வளவுதான். ஆனால் அவள் அழுகை என் காதில் இருந்தது. கல்யாண வீட்டில் முப்பது வருடம் பழகிய வாய் எனக்கு இருந்தது. யோசிக்கவே இல்லை.

"தம்பி, இங்கன பாருங்க" என்றேன்.

அவர் திரும்பினார்.

மேலே சொன்னது எனக்கு அன்று நினைவிருந்தபடி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பியவர் என்னைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்கு மேலே, என்னைத் தாண்டி ஏதோ ஒன்றைப் பார்த்தார். போன் திரையில் முகத்தைப் பிடிக்கிற மஞ்சள் கட்டம் அவர் முகத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தது. பிறகு அது நழுவித் திரையின் ஓரத்துக்குப் போய், புகை மட்டும் இருந்த இடத்தில் நின்றது. அனலிலும் புகையிலும் போன் ஏமாறும், எனக்குத் தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்பிராஜன் அந்தத் திசையைப் பார்த்துப் பைய ஒரு தரம் தலையாட்டினார், யாரோ ஏதோ சொல்லி அதற்குச் 'சரி' என்பது போல. பிறகு திரும்பி நடந்து ஆற்றில் இறங்கினார். எல்லாம் சேர்த்து நான்கு நொடி.

சங்கு ஊதுகிறவர் நிறுத்திவிட்டார். அவருடைய தாய்மாமாதான் முதலில் சத்தம் போட்டார்.

"ஏலே, திரும்பிட்டானே! யாருவே கூப்பிட்டது? எந்த முட்டாப்பய கூப்பிட்டான்?"

நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சங்குச் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்டிருக்கவில்லை. மாமா தண்ணீருக்குள் இறங்கி நம்பிராஜன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏன்டே திரும்புன?"

"அப்பா கூப்பிட்டாரு மாமா. 'பெரியவனே'ன்னாரு."

நான் கூப்பிட்டது 'தம்பி' என்று. ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் மாமா கையை எடுத்துவிட்டார். கரையில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் சிதைப் பக்கம் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அங்கேயே, அந்த நிமிஷமே, "ஐயா, தப்பு என்னோடது, நான்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு நம்மை யாரும் துக்க வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அதற்கும் கீழே வேறு ஒரு பயம் இருந்தது. ஒரு செத்தவரின் கடைசி வழியில் நான் குறுக்கே வாயை விட்டுவிட்டேன் என்ற பயம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு விளக்கின் முன் உட்கார்ந்தேன். சாமி முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினாறாம் நாளுக்குள் தொகுத்துத் தர வேண்டும். அந்த இடம் வந்ததும் படத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திரையின் கீழே சத்தம் கோடு கோடாக ஓடுமே, அதை மட்டும் பார்த்தேன். என் குரல் இருந்த இடத்தை முன்னும் பின்னும் சேர்த்து நான்கு நொடி வெட்டி எடுத்துவிட்டு, படத்தை மட்டும் விட்டேன். பக்திப் பாட்டு ஒன்றை மேலே போடலாம் என்று நினைத்தேன், மனது வரவில்லை. அதனால் அந்த நான்கு நொடியும் வெறும் ஊமைப் படமாக நின்றது. மகன் திரும்புகிறார், தலையாட்டுகிறார், ஒரு சத்தமும் இல்லை.

வெட்டாத பதிவை மட்டும் ஏனோ என் போனிலிருந்து அழிக்கவில்லை.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நம்பிராஜனின் அம்மா ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரி கோமதி தண்ணீர் கொடுத்தாள். செம்பைக் கையில் வாங்கிக்கொண்டார்கள், குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க எடுத்த படத்துல என்ன இருக்கு?"

"ஏன் மதினி, சரியா வரலையா?"

"அவன் பெங்களூருக்குப் போகல. பதினாறு முடிஞ்சும் போகல. வேலைய விட்டு எடுத்திருவோம்னு அங்கன இருந்து ஃபோன் போட்டுக்கிட்டே இருக்காவ. இவன் எடுக்க மாட்டேங்கான். தெனம் மூணு மணி ஆனா ஆத்துக்குப் போயிருதான். தண்ணில எறங்கி நின்னுக்கிட்டு உங்க படத்தப் போட்டுப் பாக்கான். பாத்துட்டுத் திரும்புதான். மறுபடி பாக்கான், மறுபடி திரும்புதான். மொதல்ல முழங்காலுக்குத் தண்ணி. அப்புறம் இடுப்பு. நேத்து நெஞ்சு வரைக்கும் போயிட்டான் அண்ணாச்சி. 'ஏன்யா'ன்னு கேட்டா, 'அன்னைக்கு ஆத்தப் பாத்துப் போன மாதிரி போனாத்தான் அப்பா கூப்பிடுவாரு'ங்கான்."

மேலே மலையில் மழை. அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"படத்துல சத்தமே இல்லியே, அதுல எப்படிய்யா அப்பா கூப்பிடுவாருன்னு கேட்டேன். 'சத்தம் இல்லாத எடத்துலதான் அப்பா இருக்காரு'ங்கான். எனக்கு அவனப் பாக்கவே பயமாருக்கு. நீங்க வந்து அதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். உங்க தொழிலு, நீங்க சொன்னாக் கேப்பான்."

நான் வெட்டி எடுத்த இடத்தில் அந்தப் பிள்ளை அப்பாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. மதினி முற்றத்துக் குழாயில் முகம் கழுவப் போன நேரத்தில் கோமதி என் பக்கம் குனிந்தாள். அவளிடம் மட்டும் அன்றே சொல்லியிருந்தேன்.

"சாமி கும்பிடுதேன், விரதம் இருக்கேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதீய. ஒரு வார்த்தையச் சொல்லத் தைரியம் இல்ல. சோத்த மூடி வைக்கேன். போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க."

நானும் மதினியும் ஆட்டோ பிடித்து ஆற்றுக்குப் போனோம். மூன்று மணி தாண்டிவிட்டது. கரையில் வேறு ஆள் இல்லை. மழை வரும் வானம், வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, எதற்கும் நிழல் இல்லை. அந்த மாதிரி வெளிச்சத்தில் படம் எடுத்தால் ஆளை வெட்டி ஒட்டியது போல வரும். அப்படித்தான் நின்றார் நம்பிராஜன். இடுப்புக்கு மேல் தண்ணீர். எங்களுக்கு முதுகு. இரண்டு கையாலும் போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

மதினி என் கையைப் பிடித்தார்கள். "கூப்பிடுங்க அண்ணாச்சி. நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான்."

வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். எனக்கு அப்போது தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். பின்னாலிருந்து இன்னொரு தரம் கூப்பிட்டால், இந்தப் பிள்ளை திரும்பி யாரைப் பார்க்கும்? மறுபடியும் என் தோளுக்கு மேலே பார்த்துத் தலையாட்டினால், பிறகு நான் என்ன செய்வேன்?

தம்பிமாரே, நாலு எட்டு நடந்து கிட்டே போகச் சொன்னேனே, அன்றைக்கு அதைத்தான் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியோடு இறங்கினேன். நேரே அவர் முதுகுக்குப் போகவில்லை. கீழ்ப்பக்கமாகச் சுற்றி, அவரைத் தாண்டி, ஆழத்துப் பக்கம் போய், அவர் முகத்துக்கு எதிரே நின்றேன். எனக்கு நெஞ்சுக்கு மேலே தண்ணீர். இழுப்பு அதிகம். காலுக்கடியில் மணல் கரைந்துகொண்டே இருந்தது. சட்டைப் பையிலிருந்த போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். காந்திமதித் தாயே என்பதைத் தவிர வேறு வார்த்தை மனதில் இல்லை.

"தம்பி, என்னப் பாருங்க" என்றேன், எதிரே நின்று.

அவர் பார்த்தார். முகம் இளைத்துக் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"அண்ணாச்சி, மாறி நில்லுங்க. மறைக்கீங்க."

"மறைக்கத்தான் வந்திருக்கேன். அன்னைக்கு உங்கள யாரும் கூப்பிடல. நாந்தான் கூப்பிட்டேன். தங்கச்சி உங்க முகத்தப் பாக்கணும்னு அழுதா. நான் வாயத் தொறந்துட்டேன். அப்புறம் மாமா கேக்கும்போது பேசாம நின்னுட்டேன். படத்துல என் சத்தத்த வெட்டிட்டேன். எல்லாம் நான் செஞ்ச பாவம்."

அவர் போனை முகத்திலிருந்து கொஞ்சம் தாழ்த்தினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா சொல்லச் சொன்னாவளா? உங்க குரல் எனக்குத் தெரியாதா? அது எங்க அப்பா குரல். 'பெரியவனே'ன்னு கூப்பிட்டாரு. நாலு வருசம் கழிச்சுக் கூப்பிட்டாரு."

"வெட்டாதது என்கிட்ட இருக்கு. காட்டுதேன்."

"காட்டுங்க."

ஆற்றின் நடுவில், இரண்டு பேர் தலைக்கும் நடுவில் போனைப் பிடித்து ஓட விட்டேன். குடம் உடைந்தது. கொள்ளி. நடை. பிறகு அந்த நான்கு நொடி. என் குரல் சுத்தமாகக் கேட்டது: "தம்பி, இங்கன பாருங்க."

அப்போதுதான் நானும் முதன்முதலாக அந்தப் படத்தைக் குரலோடு பார்க்கிறேன்.

முப்பது வருடம் உதட்டையும் சத்தத்தையும் ஒட்டவைத்துப் பிழைத்தவன் நான். இமைக்கும் நேரம் பிந்தினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இது அதைவிடப் பெரிய பிசகு. படத்தில் அவர் கழுத்து முதலில் திரும்பியது. முகம் முழுதும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் கூப்பிட்டேன்.

தண்ணீர் குளிர்ந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஆறு ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, பார்க்கவில்லை.

நம்பிராஜன் முகம் உடைந்துவிட்டது. ஐஸ் பெட்டி பக்கத்தில் அழாதவர், அப்போது அழுதார். "நீங்கதானா அண்ணாச்சி" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருக்கா கூட போடுங்க" என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனை பேரிடம் நான் கேட்ட வார்த்தை அது. மறுபடி போட்டால் அவரும் பார்த்துவிடுவார். உள்ளதைக் காட்டுவதுதானே நம் தொழில் என்று ஒரு பக்கம் மனது சொன்னது. அவர் காலும் என் காலும் நின்ற மணல் கரைந்துகொண்டிருந்தது. கரையில் அவர் அம்மா நின்றார்கள்.

அழித்துவிட்டேன். அவர் கண் முன்னால், கட்டை விரலால்.

"ஏன் அண்ணாச்சி அழிச்சீங்க?"

"ஒருக்கா பாத்தாச்சுல்லா. நாந்தான். போதும். எனக்கு நீச்சல் தெரியாது தம்பி, பைய என் கையப் பிடிச்சுக் கரைக்குக் கொண்டு போங்க."

அது பொய் இல்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் என் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "கிறுக்கா உங்களுக்கு? நீச்சல் தெரியாமலா இங்கன வந்து நிக்கீங்க?" என்று திட்டிக்கொண்டே என் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு கரையேறினார். மதினி முந்தானையால் முதலில் என் தலையைத்தான் துவட்டினார்கள். பிறகு நான் அவர்களிடமும், சாயங்காலம் மாமாவிடமும் நடந்ததைச் சொன்னேன். மாமா என்னை என்னவெல்லாம் சொன்னார் என்று இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து நம்பிராஜன் பெங்களூருக்குப் பஸ் ஏறினார்.

நீங்கள் சாமர்த்தியசாலிகள். இந்நேரம் இரண்டு கேள்வி கேட்டிருப்பீர்கள். ஒன்று, போனில் அழித்தால் உடனே போய்விடுமா? போகாது. அழித்தவை ஒரு மாதம் தனியாக ஒரு இடத்தில் கிடக்கும். அன்று வீட்டுக்கு வந்து அதைத் திறந்தேன். இரண்டாவது, சில போனில் சத்தம் பிந்திப் பதிவாகுமே, அதுவாக இருக்கக் கூடாதா? எனக்கும் அந்த ஆசைதான் இருந்தது. அதே பதிவில், ஒரு நிமிஷத்துக்கு முன்னால், குடம் விழுந்து உடைகிறதே, அதைப் பார்த்தேன். கல்லில் குடம் பட்ட நொடியும் உடைந்த சத்தமும் ஒன்றாக இருந்தன. பிசகே இல்லை. நாலு தரம் பார்த்தேன். கோமதி பின்னால் வந்து நின்று ஒரு தரம் பார்த்தாள். விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டுத் திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். பூசிக்கொண்டேன். அங்கிருந்தும் அழித்தேன். நான் எடுத்தவற்றில் மறுபடி பார்க்க முடியாதபடி நானே அழித்தது அது ஒன்றுதான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன், அவர் படித்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். போன மாதம் நம்பிராஜன் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்திருந்தார். நன்றாகச் சதை போட்டிருந்தார். பெண் பெங்களூரிலேயே வேலை பார்க்கிறதாம். பத்திரிகையை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். வைத்ததும் என்னால் அடக்க முடியவில்லை. சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னும் எத்தனை நாள் மறைப்பது?

"தம்பி, அன்னைக்கு ஆத்துல நான் உங்ககிட்ட முழுசாச் சொல்லல. அந்தப் படத்துல..."

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "நான் திரும்புனதுக்கு அப்புறந்தான் உங்க சத்தம். நானும் பாத்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன்.

"அப்புறம் எதுக்கு ஒருக்கா கூட போடச் சொன்னீங்க?"

"நீங்க போடுவீங்களா மாட்டீங்களான்னு பாத்தேன். போட்டிருந்தீங்கன்னா நான் இன்னும் அங்கனதான் நின்னிருப்பேன். நீங்க அழிச்சுட்டு, கழுத்து வரைக்கும் தண்ணில நின்னுக்கிட்டு, 'நாந்தான்'னு சொன்னீங்க. சரி, அப்படியே வச்சுக்கிடுவோம்னு வந்துட்டேன்."

கோமதி காபி கொண்டுவந்து வைத்தாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றி எழுதுங்கள் என்றார். அப்படியே செய்திருக்கிறேன். காபியை ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், மனது கேளாமல் இன்னொன்றையும் கேட்டேன்.

"அன்னைக்குத் திரும்பிப் பாத்துத் தலையாட்டுனீங்களே. உங்க அப்பா என்ன சொன்னாவ?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என் இடது தோளுக்கு மேலே ஒரு தரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்பு.

"அத மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி."

நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கத் தச்சநல்லூர்ப் பையன்கள் இருவரை அனுப்பச் சொல்லியிருக்கிறார். யார் போகிறீர்களோ, அங்கே ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து வாருங்கள்.